டிவியில் கரும்புள்ளி வந்தால் முதலில் பிள்ளையை ஏசாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பதுளை டவுனில் கடை வைத்திருக்கும் சகோதரர்களும், பசறை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதர பக்கத் தோட்டங்களில் இருக்கும் பெற்றோரும் பொறுமையாக வாசியுங்கள்.

ஓ/எல் முடிந்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது ஒன்று நடக்கிறது. கொழும்பில் கடையில் நிற்கும் மூத்த மகன் தவணைக்கு 43 இன்ச் டிவி ஒன்று எடுத்துக் கொடுக்கிறான். பழைய ப்ளேஸ்டேஷன் ஒன்றும் எங்கிருந்தோ வந்து சேர்கிறது. கேம் நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்கு நாங்கள் இன்றைக்கு வரவில்லை, அதற்கு வேறு நாள் இருக்கிறது. டிவி வந்த முதல் கிழமையே திரையில் கரும்புள்ளியோ, கோடோ, அழுக்குப் படிந்தது போல ஒரு பட்டையோ தெரிந்தால் என்ன செய்வது என்பதுதான் விஷயம். எங்களிடம் படித்த பிள்ளைகளின் வீடுகள் மூன்றில் இது நடந்துவிட்டது.

மூன்று வீட்டிலும் ஒரே கதை. நியூஸ், நாடகம் பார்க்கும்போது யாருக்கும் தெரியவில்லை. புட்போல் கேம் போட்டதும் தெரிந்தது. திரை முழுக்க ஒரே பச்சை. கெமரா இடமும் வலமும் ஓடும்போது மைதானம் நகரும், குறை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால்தான் கண்ணில் குத்துகிறது. கேம் அந்தக் குறையைக் காட்டிக் கொடுத்ததே தவிர உண்டாக்கவில்லை. ஆனால் கடையில் சொன்ன பதில், “கேம் விளையாடினால் இப்படித்தான் வரும்.” அதை நம்பி ஒரு வீட்டில் பிள்ளைக்கு அடியும் விழுந்தது. இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த அடிதான்.

நாங்கள் விளங்கிக்கொண்ட வரையில் சொல்கிறோம். பெட்டியில் எல்ஈடி என்று போட்டிருந்தாலும் நம் பக்கம் வாங்கும் டிவிகளில் அநேகமானவை எல்சிடிதான். பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பல்புதான் எல்ஈடி. 4கே திரையில் 3840க்கு 2160, அதாவது ஏறக்குறைய 83 இலட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ட்ரான்சிஸ்டர். அதில் ஒன்று வேலை செய்யாவிட்டால் அந்த இடம் கறுப்பாகவோ ஒரே நிறத்திலோ நின்றுவிடும். அநேகமாக அது தொழிற்சாலையிலேயே வந்த குறை. அழுக்குப் பட்டை மாதிரித் தெரிவது, பின்வெளிச்சமும் அதைப் பரப்பும் தாள்களும் சீராக இல்லாததால் வருவது. மேலிருந்து கீழாக விழும் கோடு பெரும்பாலும் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டி வயரின் இணைப்பு விடுவதால் வருவது. இவற்றில் எதையும் பிள்ளை கேம் விளையாடி உண்டாக்க முடியாது.

ஓஎல்ஈடி டிவி என்றால் கதை வேறு. அதில் ஸ்கோர் பெட்டி, சேனல் லோகோ போல அசையாமல் ஒரே இடத்தில் நிற்பவை மாதக் கணக்கில் ஓடினால் தடம் பதியலாம். அந்த விலைக்கு டிவி வாங்குகிற வீடு நம்மில் எத்தனை என்பது வேறு கேள்வி.

பிள்ளைகள் உடைப்பதே இல்லை என்றும் நாங்கள் சொல்லவில்லை. 2006இல் நின்டென்டோ கம்பனியின் வீ கேம் வந்தபோது, கையில் பிடித்து வீசி விளையாடும் ரிமோட் பிடி நழுவிப் போய் டிவிகளை உடைத்தது. அந்தக் கம்பனியே 32 இலட்சம் கைப்பட்டிகளை மாற்றிக் கொடுக்க முன்வந்தது. ஆனால் அடிபட்ட திரை அடிபட்ட மாதிரி இருக்கும். ஓரிடத்திலிருந்து சிலந்தி வலை போல வெடிப்பு பரவியிருக்கும். தனியாக நிற்கும் ஒரு கரும்புள்ளியைப் பார்த்து அடிபட்டது என்று சொல்பவருக்கு ஒன்றில் தெரியாது, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

கடைகளில் சொல்லும் இரண்டாவது பதில், “ரெண்டு மூணு புள்ளி இருந்தால் கம்பனி ஏற்காது.” இதில் பாதி உண்மை. 2001இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 என்ற தர நியமம் திரைகளை வகுப்புகளாகப் பிரித்தது. இரண்டாம் வகுப்புத் திரையில் பத்து இலட்சம் புள்ளிகளுக்கு எப்போதும் எரிகிற 2 புள்ளி, எப்போதும் கறுப்பான 2 புள்ளி இருக்கலாம் என்றது. 2008இல் ஐஎஸ்ஓ 9241-307 அதன் இடத்துக்கு வந்தது. இந்தக் கணக்கை 4கே டிவிக்குப் போட்டுப் பாருங்கள், 16 கரும்புள்ளி இருந்தாலும் “சரியான டிவி”தான்! முதலாவது, அது கணினித் திரைகளை மனதில் வைத்து எழுதியது. இரண்டாவது, அது நாட்டின் சட்டமில்லை. கம்பனிகள் தங்கள் வசதிக்கு எடுத்துக்கொள்ளும் அளவுகோல். சரி, அதுதான் உங்கள் விதி என்றால் காசு வாங்க முன்னர் சொல்லியிருக்க வேண்டாமா?

கடைக்காரச் சகோதரர்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறோம். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். நூறு ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். பெட்டியைத் திறந்து கரண்ட் கொடுத்து ஐந்து நிமிடம் காட்டினால் அதுதான் ஈரத்தை மேலே வைப்பது. “சீல் உடைத்தால் வொரன்டி போய்விடும்” என்று சொல்லி அனுப்புவது எந்த வகை வியாபாரம்? ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கே 2021 வரை போராட வேண்டியிருந்த மக்களின் காசு இது. குறை வந்தால் “கொழும்பு சேர்விஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள்” என்கிறீர்கள். ஒரு டிவியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வர இரண்டு நாள் சம்பளமும் போகும், டிவியும் போகும். விற்றவர் நீங்கள், அனுப்பி எடுக்க வேண்டியவரும் நீங்கள்.

வாங்குபவர்களுக்கும் சில வார்த்தை. பென்ட்ரைவ் ஒன்றில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று முழுத்திரைப் படங்கள் ஆறை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போங்கள். பிள்ளையிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் செய்து தருவான். சாம்பல் படம் மிக முக்கியம், பட்டை அதில்தான் தெரியும். டிவியைப் போட்டுப் பார்க்காமல் “நல்ல நிலையில் பெற்றேன்” என்ற தாளில் ஒப்பம் வைக்காதீர்கள். த்ரீவீலில் கொண்டு போகும்போது படுக்க வைக்காதீர்கள், நிறுத்தியே பிடியுங்கள். தோட்டத்து ரோடு உங்களுக்குத் தெரியும். புள்ளியைப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தால் போய்விடும் என்று யாரோ வீடியோ போட்டிருக்கிறார்கள். செய்யவே வேண்டாம், பிறகு அதுவே உங்கள் பிழையாகிவிடும். ஈரத்துணியால் துடைப்பதும் அப்படித்தான், தண்ணீர் கீழ் ஓரத்தில் வடிந்து இறங்கினால் இணைப்பு கெடும். பின்னேர இடிமழைக் காலத்தில் ப்ளக்கைக் கழற்றி வையுங்கள். மின்னலால் போனதற்கு வொரன்டி கிடைப்பது அபூர்வம்.

பில் யாருடைய பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். தோட்டத்தில் வேலை செய்பவருக்குத் தவணை கொடுக்கத் தயங்குவதால் அரச சம்பளச் சிட்டை உள்ள ஒருவரைப் பிணைக்குத் தேடுகிறார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் அப்படி ஒப்பம் வைத்தவர்கள் பலர் இருக்கிறோம். டிவி பழுது என்ற கோபத்தில் தவணையை நிறுத்தினால் டிவியையும் தூக்குவார்கள், பிணை வைத்தவர் பின்னாலும் வருவார்கள். தவணையைக் கட்டிக்கொண்டே சண்டை பிடியுங்கள்.

சண்டைக்கு வழி இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளை விற்றால் முறையிடலாம். விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகார சபை கட்டளையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். “அடுத்த மாசம் வாங்க, கம்பனியிலிருந்து ஆள் வருவார்” என்று இழுக்கும்போது ஓடுவது உங்களுடைய அந்த மூன்று மாதம்தான். அந்த மூன்று வீடுகளில் ஒன்று இப்படித்தான் நான்காவது மாதத்தில் எங்களிடம் வந்தது.

ஆகவே குறையைக் கண்ட அன்றே திரையைப் போன் கெமராவில் படம் பிடியுங்கள். பின்பக்கத்து சீரியல் நம்பரையும் பில்லையும் சேர்த்துப் பிடியுங்கள். கடைக்கு எழுத்தில் அறிவித்துப் பிரதியில் ஒப்பம் வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். அதிகார சபையின் இலக்கம் 1977.

கடிதம் எழுதத் தெரியாது என்று யாரும் பின்வாங்க வேண்டாம். தமிழிலும் சிங்களத்திலும் மாதிரி ஒன்று தயாரித்து வைத்திருக்கிறோம். இன்பொக்ஸில் கேளுங்கள், அல்லது பாடசாலை விட்டதும் பில்லோடு வாருங்கள். உட்கார்ந்து நிரப்பித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.