வாடிக்கையாளரைத் தண்டிக்கும் ஸ்வீடன் சட்டம்: பெங்களூருக்குப் பொருந்துமா?

புது தில்லி: வங்கதேசத்திலிருந்து கடத்தி வரப்பட்ட பெண் ஒருவர் 2021 மே மாதம் பெங்களூரு ராமமூர்த்தி நகரில் கூட்டு பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். அதன் விடியோ பரவிய பின்னரே போலீஸார் விழித்துக் கொண்டனர். மறு ஆண்டு மே மாதத்தில் சிறப்பு நீதிமன்றம் 7 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கடத்தல் வழக்குகளில் இவ்வளவு விரைவு அரிது.

எனினும், ஆள் கடத்தலுக்குச் சந்தையை உருவாக்கும் வாடிக்கையாளரை என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்தியச் சட்டம் இன்றும் தெளிவான விடை தரவில்லை. ஸ்வீடன் 1999-லேயே விடை கண்டது. அங்கு பாலுறவை விலைக்கு வாங்குவது குற்றம். விற்பவர் மீது வழக்கு இல்லை. நார்வே, ஐஸ்லாந்து, பிரான்ஸ் முதலிய நாடுகள் இதைப் பின்பற்றின. விபசார விடுதிகளுக்கு 2000-ல் சட்ட அங்கீகாரம் அளித்த நெதர்லாந்தோ நேர் எதிர்த்திசையில் சென்றது.

ஸ்வீடன் வழியை இந்தியாவும் யோசிக்காமல் இல்லை. 1956-ஆம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2006-ல் மக்களவையில் கொண்டு வரப்பட்டது. வாடிக்கையாளருக்குச் சிறை, பொது இடத்தில் அழைக்கும் பெண்ணைத் தண்டிக்கும் 8-வது பிரிவு நீக்கம் என இரண்டும் அதில் இருந்தன. மகளிர் நலத் துறை அமைச்சர் ரேணுகா செளத்ரி இதற்கு ஆதரவாக நின்றார். தொழில் மறைவுக்குச் சென்றால் எய்ட்ஸ் தடுப்புப் பணி கெடும் என்று அன்புமணி ராமதாஸ் பொறுப்பிலிருந்த சுகாதாரத் துறை எதிர்த்தது. ஒரே அரசின் இரு துறைகள் மல்லுக்கு நிற்க, 2009-ல் மக்களவையுடன் மசோதாவும் காலாவதியானது.

கடத்தப்பட்டவர் எனத் தெரிந்தே ஒருவரைப் பாலியல் ரீதியாகச் சுரண்டுவோருக்கு 2013-ஆம் ஆண்டு திருத்தம் தண்டனை கொண்டு வந்தது. இன்றைய பாரதிய நியாய சம்ஹிதையிலும் அது உண்டு. ஆனால் "தெரிந்தே" என்பதை நிரூபிப்பது எளிதன்று. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் வாடிக்கையாளருக்குப் பொருந்தாது எனக் கூறி கர்நாடக உயர் நீதிமன்றம் வழக்குகளை ரத்து செய்துள்ளது. 2025-ல் கேரள உயர் நீதிமன்றம், அதே சட்டத்தின் 5-வது பிரிவு அவருக்கும் பொருந்தும் என்றது. ஓசூர் சாலையில் ஒரு சட்டம், வாளையார் தாண்டினால் வேறொரு சட்டம் என்பதே நிலை.

தெருவோர விபசாரம் பாதியாகக் குறைந்ததாக ஸ்வீடன் அரசு நியமித்த குழு 2010-ல் கூறியது. அந்தக் கணிப்பை ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. பெங்களூருக்கு அந்த அளவுகோல் பெரிதும் உதவாது. மும்பையின் காமாட்டிபுராவைப் போன்ற தனிப் பகுதி இங்கு இல்லை. மெஜஸ்டிக் வட்டாரத் தெருக்களைத் தவிர, விடுதி அறைகளிலும் வாடகை வீடுகளிலும் செல்பேசி வழியே பேரம் முடிகிறது. அங்கு போலீஸுக்குத் தகவல் தரக்கூடியவர் பெரும்பாலும் அந்தப் பெண் மட்டுமே.

தன்னையே கைது செய்வார்கள் என்று அஞ்சுபவர் வாய் திறக்க மாட்டார். ஸ்வீடன் சட்டத்தில் வாடிக்கையாளருக்கான சிறையைவிட, பெண்ணுக்கு அளித்த விலக்கே முதலில் கவனிக்கத்தக்கது. மனமுவந்து இத்தொழிலில் உள்ள வயது வந்தோரைத் துன்புறுத்தக் கூடாது என 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் போலீஸாருக்கு உத்தரவிட்டது. ஆயினும் 6 மாதம் வரை சிறைக்கு வழிசெய்யும் 8-வது பிரிவு சட்டப் புத்தகத்திலிருந்து இன்னும் நீக்கப்படவில்லை.