கேட்டது வேலை, கொடுத்தது காலை உணவு

தோழர்களே, நலத்திட்டம் வேறு, உரிமை வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவது ஆள்பவர்களின் பழைய தந்திரம். 2025 ஆகஸ்டில் சென்னையில் அது நம் கண்ணெதிரே நடந்தது.

ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குக் கொடுக்கப்பட்டதை எதிர்த்து, ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் தொழிலாளர்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். கேட்டவை இரண்டே: பணி நிரந்தரம், தனியார்மயத்தைக் கைவிடுதல். 13ஆம் தேதி இரவு போலீஸ் குண்டுக்கட்டாகத் தூக்கிப் போனது. 14ஆம் தேதி அமைச்சரவை கூடி ஆறு அறிவிப்புகளை வெளியிட்டது: காலை உணவு, தொழில்சார் நோய்களுக்குச் சிகிச்சை, காப்பீடு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, சுயதொழில் மானியம், வீடு. கேட்ட இரண்டும் அந்த ஆறில் இல்லை.

"அப்படியானால் நலத்திட்டங்களே வேண்டாமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டும். அது அவர்கள் வியர்வைக்குரியது. ஆனால் நல வாரிய அட்டை வைத்திருக்கும் உறுப்பினர் மனுக் கொடுக்கலாம், காத்திருக்கலாம், நன்றி சொல்லலாம். பேரம் பேச முடியாது. கூலியைக் குறைக்காதே என்று மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொல்ல முடியாது. சங்கம்தான் அதைச் செய்யும். அதனால்தான் சலுகை தாராளமாக வருகிறது, பேச்சுவார்த்தை மட்டும் இழுத்தடிக்கப்படுகிறது.

இதில் சாதி எங்கே வருகிறது என்கிறார்கள். ஒரு மண்டலத்தின் பொறியாளர்கள் அத்தனை பேரையும் ஒரே கையெழுத்தில் ஒரு கம்பெனியிடம் தள்ளிவிட்டு, பதிலுக்குப் பொங்கலும் இட்லியும் தருகிறோம் என்று அறிவிக்க முடியுமா? துடைப்பம் பிடிக்கும் கைகளிடம் மட்டும் அது முடிகிறது. அங்கேதான் சாதி இருக்கிறது.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரைப் பாருங்கள். 1968 பிப்ரவரி 1 அன்று, நகரப் பொதுப்பணித் துறையின் குப்பை வண்டியில் மழைக்கு ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரு கறுப்பினத் தொழிலாளர்களை வண்டியின் அழுத்தும் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. 12ஆம் தேதி ஏறத்தாழ 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வோடு அவர்கள் விடாப்பிடியாகக் கேட்டவை, சங்க அங்கீகாரமும் சம்பளத்திலேயே சந்தாவைப் பிடித்துக் கொடுப்பதும். மேயர் ஹென்றி லோப் மறுத்து நின்றதும் அங்கேதான். சந்தா என்பது சில்லறைக் காசு. ஆனால் அது மாதாமாதம் வந்தால் சங்கம் நிலைக்கும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். அவர்களுக்குத் துணை நிற்கப் போன மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 அன்று நகரம் சங்கத்தை அங்கீகரித்தது.

அண்ணல் அம்பேத்கர் இதை முன்பே கண்டவர். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தபோது, 1943இல், முதலாளிகள் தொழிற்சங்கத்தை அங்கீகரித்தே ஆக வேண்டும் என்னும் மசோதாவைக் கொண்டுவந்தார். அதன் வழியில் 1947இல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. நடைமுறைக்கு மட்டும் கொண்டுவரப்படவே இல்லை. அவர் சிலைக்கு மாலை போடும் எந்தக் கட்சியும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

மாணவத் தோழர்களே, தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளுக்குக் கேள்வித்தாளோடு போகிறீர்கள். என்னென்ன உதவி கிடைத்தது என்று மட்டும் எழுதிவராதீர்கள். அடையாள அட்டையில் யார் பெயர் இருக்கிறது? சம்பளச் சீட்டு தருகிறார்களா? வருங்கால வைப்பு நிதி கட்டப்படுகிறதா? சங்கத்தில் சேர்ந்ததற்காக யாரையாவது வேலையை விட்டு நிறுத்தினார்களா? இவற்றைக் கேளுங்கள். பதில்களை எடுத்துக்கொண்டு சங்கத்திடம் போங்கள். கருத்தரங்குக்கு அப்புறம் போகலாம்.