கொலையாளி யாரெனத் தெரிந்த பின்னும்

புகழ்பெற்ற துப்பறியும் நாவலைத் திரைப்படமாக்க முற்படுவோருக்கு ஓர் இக்கட்டு உண்டு. கொலையாளி யார் என்பதே அத்தகைய கதையின் உயிர்நாடி. அதுவோ படித்தவர் அனைவரும் அறிந்த செய்தி. அவ்வாறாயின், படம் காண வருவோருக்கு எஞ்சி நிற்பது யாது?

அகதா கிறிஸ்டி 1934-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் கொலை’ இதற்கு விடை தருகிறது. தொண்ணூறு ஆண்டுகள் கடந்த கதையாதலின் முடிவை மறைக்காமலே பேசுவோம்.

யூகோஸ்லாவியாவில் பனியில் சிக்கிய இரயிலில் ஒருவன் பன்னிரண்டு குத்துக் காயங்களுடன் மாண்டு கிடக்கிறான். ஒரு குழந்தையைக் கடத்திக் கொன்றும், பணபலத்தால் தண்டனைக்குத் தப்பியவன் அவன். 1932-இல் அமெரிக்க விமானி லிண்ட்பர்கின் மகன் கடத்திக் கொல்லப்பட்ட கொடுமையே இப்பகுதிக்குத் தூண்டுதல். அக்குழந்தையின் குடும்பத்தை நேசித்த பன்னிருவர், தாங்களே ஜூரிகளாகி, ஆளுக்கொரு குத்தாகத் தீர்ப்பை நிறைவேற்றினர். துப்பறிவாளர் புவாரோ உண்மையைக் கண்டறிகிறார். கூடவே, வெளியாள் ஒருவன் கொன்றுவிட்டு ஓடினான் என்ற பொய் விடையையும் முன்வைக்கிறார். இரயில் நிறுவன இயக்குநரும் மருத்துவரும் பொய்யையே தேர்ந்துகொள்ள, அவர் விலகிக்கொள்கிறார். நாவல் அத்துடன் முடிகிறது.

1974-இல் சிட்னி லூமெட் இயக்கிய படத்தில் ஆல்பர்ட் ஃபின்னி புவாரோவாக நடித்தார். தம் மனச்சாட்சியைப் பற்றி ஒரு வார்த்தை உரைத்து அவர் அகன்றதும், கொன்றவர்கள் மதுக்கிண்ணம் உயர்த்தி ஒருவரையொருவர் வாழ்த்துகின்றனர். நாமும் மனநிறைவோடு எழுந்து விடுகிறோம்.

2010-இல் டேவிட் சூஷே நடித்த தொலைக்காட்சிப் படமோ நம்மை எளிதில் எழவிடுவதில்லை. அதில் புவாரோ செபிக்கும் கத்தோலிக்கர். சட்டத்தைத் தங்கள் கையில் எடுத்தவர்கள்மீது சீறுகிறார். எனினும் அவர்களைக் காட்டிக்கொடுக்க அவர் மனம் இசையவில்லை. பொய்யைக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டு, செபமாலையைப் பற்றியவாறு கண்கலங்கிப் பனியில் நடக்கிறார்.

நூலின் இனிமை இதில் குன்றிற்று என்பாரும் உளர். ஆயினும், நூல் சில வரிகளில் கடந்து சென்ற கேள்வியை இப்படம் நம் முன் நிறுத்துகிறது: நீதிமன்றம் தவறிய இடத்தில் மனிதன் தானே நீதிபதியாகலாமா? இரக்கத்தின் பெயரால் உரைத்த பொய், பொய்யன்றிப் போகுமா?

பிள்ளைகளோடு இத்தகைய படங்களைக் காணும் பெற்றோர், “கொன்றவர் யார்?” என்பதோடு நில்லாது, “புவாரோ செய்தது சரியா?” என்றும் கேட்பார்களாக. முதற்கேள்விக்கு விடை கதையிலேயே உண்டு. இரண்டாவதற்கு விடை தேட வேண்டியவர்கள் நாமே.