அம்மிச்சி கொடுத்த வெள்ளி ரூபாய்

எங்கள் சென்னிமலைப் பக்கம் பழைய பெட்டியைக் குடைந்தால், மஞ்சள் துணியில் முடிந்த ஒன்றிரண்டு வெள்ளி ரூபாயாவது கிடைக்கும். தறிக் கூலியில் மிச்சம் பிடித்து அப்பத்தா சேர்த்ததாக இருக்கும், சீரோடு வந்ததாக இருக்கும். அது நம் கைக்கு வந்ததும் முதல் வேலையாகப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடுகிறோம். தயவுசெய்து தேய்க்காதீர்கள், சகோதரிகளே!

அந்தக் கறுப்பு அழுக்கல்ல. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படிந்த மெல்லிய ஏடு. அதைச் சுரண்டினால் எழுத்தும் உருவமும் சேர்ந்தே மழுங்கிவிடும். பழங்காசு வாங்குகிறவர்கள் தேய்த்த காசுக்கு விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். மண் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

பிறகு தலையைப் பாருங்கள். விக்டோரியா ராணியின் காசில் 1876 வரை 'குயின்' என்றும், 1877 முதல் 'எம்ப்ரஸ்' என்றும் ஆங்கிலத்தில் இருக்கும். (பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்களேன்.) கிரீடமில்லாத தாடிக்காரர் ஏழாம் எட்வர்டு. கிரீடமும் தாடியும் இருந்தால் ஐந்தாம் ஜார்ஜ். அவருடைய 1911-ஆம் வருஷத்து ரூபாய்க்கு ஒரு கதை உண்டு. ராஜாவின் அங்கியில் பொறித்த யானை, தும்பிக்கை குட்டையாகிப் பன்றி மாதிரித் தெரிந்ததாம்! ஜனங்கள் ஆட்சேபிக்கவே, பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டு, 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். அந்தப் 'பன்றி ரூபாய்' உங்களிடம் இருந்தால் பத்திரம்.

1939 வரை ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி; எடை ஒரு தோலா, அதாவது சுமார் 11.66 கிராம். யுத்த காலத்தில், 1940 முதல், பாதிதான் வெள்ளி. புலி போட்ட 1947 ரூபாய் வெறும் நிக்கல், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளி ஒட்டாது. ஆனால் ஒட்டாததெல்லாம் வெள்ளி என்று நம்பிவிடாதீர்கள், ஈயம் கலந்த போலியும் ஒட்டாது. எடையையும் பாருங்கள்.

பக்கத்து வீட்டு இளம் தாய் ஒருத்தி, குழந்தைக்கு அரைஞாண் செய்ய நாலு ராணி ரூபாயைப் பத்தரிடம் கொண்டு போகப் புறப்பட்டாள். "அம்மிச்சி குடுத்த காசுங்க அக்கா, சும்மா கெடந்து என்னத்துக்கு ஆகுது?" என்றாள். உருக்கிவிட்டால் வருஷமும் போச்சு, தலையும் போச்சு. அரைஞாணுக்கு வெள்ளி கடையில் எப்போதும் கிடைக்கும். அம்மிச்சியின் காசு கிடைக்குமா? வளையம் பற்றவைத்த காசும் பாதி பாழ்தான்.

இன்னொன்று. குழந்தைக்குத் தொப்புள் பிதுங்கினால் காசை வைத்துக் கட்டும் வழக்கம் இன்னமும் இருக்கிறது. டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். தோல் புண்ணாகும், காசு கழன்றால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானாகவே சரியாகிவிடும். சந்தேகமிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

காசுகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டவேண்டாம். ரப்பரில் கந்தகம் உண்டு. செய்தித்தாளும், மெத்தென்ற மலிவு பிளாஸ்டிக் உறையும் ஆகாது. தனித்தனி வெள்ளைக் காகித உறையில் போட்டு, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து எடுங்கள்.

இதெல்லாம் பெரியவர்கள் கொடுத்த காசுக்கு. தோட்டத்து மண்ணில் புதைந்து கிடந்தது என்றால் சட்டமே வேறு. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். நம் கொங்கு மண்ணில் இது நடக்காத காரியமல்ல. கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் 1842-இல் ரோமாபுரி வெள்ளிக் காசுகளே கிடைத்திருக்கின்றன.