கணினிக்கு உயிர் இருக்கிறது!

பழைய அமிகா 500 கணினியைப் புது மானிட்டரில் மாட்டியதும் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று வருகிறதா? உடனே காராங் குனிக்காரரைக் கூப்பிடாதீர்கள். என் மாமா கூப்பிடவே போய்விட்டார்!

ரேடியோவில் இருப்பதால் எனக்கு இது பழகிய சங்கதி. நிலையம் ஒலிபரப்புகிறது, பெட்டிதான் வேறு அலைவரிசையில் நிற்கிறது. நம்மூர் பழைய ‘பால்’ டிவிக்கு (குடிக்கிற பால் இல்லை) ஏற்ற அமிகா, வினாடிக்கு 15,625 கோடுகள் அனுப்பும். பெரும்பாலான மானிட்டர்கள் ஏறக்குறைய 30,000 வந்தால்தான் கண் திறக்கும்.

முதலில் மஞ்சள் ஏவி ஒயரை டிவியில் செருகிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் படம் தெரியும். இந்த மாடலுக்கு அந்தத் துளையில் அவ்வளவுதான். வண்ணத்துக்கு, கோடுகளை இரட்டிப்பாக்கும் ‘ஸ்கேன் டபுளர்’ வேண்டும். பிளக்கை மட்டும் மாற்றும் மலிவு கேபிள் தண்டச் செலவு. வாங்குமுன், உங்கள் மானிட்டர் 50 ஹெர்ட்ஸை ஏற்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.