அயல்நாட்டில் ஓர் இல்லறம்

நம் கல்லூரியிற் பயின்று வெளியேறி, மணம் புரிந்துகொண்டு, கணவனும் மனைவியுமாய் அயல்நாடுகளிற் குடியேறி வாழும் பழைய மாணவர் பலராவர். அவர்கள் ஊருக்கு அனுப்பும் செய்திகளையும் படங்களையும் காணுந்தோறும் நமக்கு ஒரு குறை தோன்றுகின்றது. கோபுரம், பாலம், அருவி, பனிமலை, அவற்றின் முன்னர்ச் சிரித்துக்கொண்டு நிற்கும் இருவர்: இவையே மிகுதியும் வருகின்றன. அவ்விருவரும் அன்று என்ன உண்டனர், வாடகை எவ்வளவு கொடுக்கின்றனர், அண்டை வீட்டார் முகங்கொடுத்துப் பேசுகின்றனரா, குளிர் பொறுக்கத்தக்கதாக உள்ளதா என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை. இங்கிருக்கும் பெற்றோரும் தம் மக்கள் ஆண்டு முழுவதும் திருவிழாக் காண்கின்றனர் என்று எண்ணி மகிழ்கின்றனர்; அன்றேல், எண்ணிப் பொருமுகின்றனர். காட்சிகளைக் கூற வழிகாட்டி நூல்கள் உள. அயல்நாட்டில் வாழ்தல் என்பது வேறு பொருள். அதனை அறிய வேண்டுவோர் அன்றாட வாழ்வையே கேட்டறிதல் வேண்டும் என்பது நம் கருத்து.

இதற்குச் சான்றாக, நம் ஆங்கில வகுப்புகளில் யாவரும் கேள்வியுற்ற ஓர் இணையரை எடுத்துக்கொள்வோம். ராபர்ட் பிரௌனிங்கும் எலிஸபெத் பாரெட்டும் 1846-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் இலண்டனில் மறைவாக மணந்துகொண்டனர். மணமகளுக்கு வயது 40; மணமகனுக்கு 34. அம்மையாரின் தந்தையார் தம் மக்களுள் எவரும் மணம் புரிதலை ஒப்பாதவர். நோயுற்றுப் பல்லாண்டுகள் ஓர் அறைக்குள்ளேயே கிடந்த அம்மையார், மணம் முடிந்து ஒரு வாரங் கழித்து, வில்ஸன் என்னும் பணிப்பெண்ணையும் பிளஷ் என்னும் நாயையும் உடன்கொண்டு, கணவருடன் இத்தாலிக்குப் புறப்பட்டார். அந்நாட்டில் அவர்கள் வாழ்ந்த காலம் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள். தம் தங்கையர்க்கும் தோழியர்க்கும் அம்மையார் எழுதிய மடல்கள் அவ்வாழ்வை நம் கண்முன் நிறுத்துகின்றன.

முதற் குளிர்காலத்தைப் பீஸா நகரிற் கழித்தனர். உலகம் வியக்கும் சாய்ந்த கோபுரம் அவர்கள் தங்கிய வீட்டுக்கு அருகிலேயே நின்றது. ஆயினும் மடலைப் படிப்பவர் மனத்தில் நிற்பது கோபுரமன்று. பிற்பகல் இரண்டு மணிக்கு உணவுச்சாலையிலிருந்து வீடு தேடி வந்த உணவே. அடுப்புமில்லை, சமையற்காரருமில்லை, செலவும் மிகச் சிறிது என்று அம்மையார் குழந்தைபோல் மகிழ்ந்து எழுதுகின்றார். தந்தையார் வீட்டில் யாவும் பிறரால் நடைபெறக் கண்டவருக்கு, தமக்கென ஒரு வேளை உணவைத் தாமே வரவழைத்தலும் ஒரு விடுதலையன்றோ?

1847-ஆம் ஆண்டு ஏப்ரலில் பிளாரென்ஸ் நகரை அடைந்தனர். கோடையில் பிட்டி அரண்மனைக்கு அருகிலுள்ள காஸா குயிதி என்னும் மாளிகையிற் சில அறைகளை அமர்த்திக்கொண்டனர். குளிர்காலம் வந்ததும் அதனை விட்டு வேறொரு வீட்டை ஆறு மாதத்துக்குப் பேசி முடித்தனர். குடிபுகுந்த பின்னரே அங்கு வெயில் எட்டிப்பாராது என்பது தெரிந்தது. மனைவியார் குளிரில் நடுங்குவதைக் கண்ட ராபர்ட், பேசிய பொருளை இழந்து, வெயில் நிறைந்த சிறிய அறைகளுக்கு உடனே மாறினார். கடன் என்ற சொல்லுக்கே அஞ்சுபவர் அவர். நிழலுக்கு இடந்தேடும் நம் நாட்டார்க்கு, வெயிலுக்காகப் பொருளிழந்த இச்செய்தி நகைப்பைத் தரலாம். ஆயினும் ஓர் அயல்நாட்டின் இயல்பை ஓராயிரம் படங்களினும் இவ்வொரு செய்தி தெளிவாய்க் காட்டுகின்றது. அடுத்த ஆண்டு காஸா குயிதிக்கே மீண்டு, வெற்றறைகளாக வாடகைக்குப் பேசி, பழம்பொருட் கடைகளில் நாற்காலியும் மேசையும் ஒவ்வொன்றாகத் தேடி வாங்கி நிரப்பினர். அதுமுதல் அதுவே அவர்கள் இல்லம்.

அவ்வில்லத்தின் சாளரங்களைப் பற்றி ஒன்று கூறாது செல்லுதல் இயலாது. அவர்களுடைய முதல் மணநாளன்று, அஃதாவது 1847 செப்டம்பர் 12-ஆம் நாள், நகர்க்காவற்படை அமைக்க இசைவு பெற்ற பிளாரென்ஸ் மக்கள், தம் கோமகனுக்கு நன்றி கூற அவ்வழியே ஊர்வலமாய்ச் சென்றனர். இருவரும் சாளரத்தில் நின்று, கை வலிக்குமட்டும் துணியசைத்தனர். 1849 மே மாதத்திலோ, அதே தெருவில் ஆஸ்திரியப் படைகள் நுழைந்ததைக் கண்டனர். அம்மையார் 1851-இல் வெளியிட்ட பெருஞ்செய்யுளுக்கு அச்சாளரங்களின் பெயரையே சூட்டினார். காட்சி காண வந்தவர் ஊர்வலத்தை மட்டும் கண்டு சென்றிருப்பர். குடியிருந்தவரே இரண்டையும் கண்டனர்.

உலாப் போதலை நாம் வெறுக்கின்றோம் என்று எவரும் எண்ணற்க. மில்டன் தம் காவியத்திற் குறித்த வல்லம்புரோஸா மலைக்கு 1847-ஆம் ஆண்டு கோடையில் அவர்கள் சென்ற செலவு மிகவும் சுவையானது. வண்டி செல்லாத மலைவழியில், வெள்ளெருதுகள் இழுத்த சக்கரமற்ற கூடைகளில் அம்மையாரும் வில்ஸனும் ஏற, ராபர்ட் குதிரைமேற் சென்றார். இரண்டு மாதம் தங்குவது அவர்கள் எண்ணம். ஆனால் அங்குள்ள துறவியர் மடத்தின் தலைவர் பெண்டிர் தங்குதற்கு ஒப்பவில்லை. ஐந்தாம் நாளே மலையிறங்க நேர்ந்தது! இருமுறை கருச்சிதைவுற்ற அம்மையார் 43-ஆம் வயதில் ஆண்மகவொன்றைப் பெற்றார். அதே ஆண்டு கோடையில் லூக்கா வெந்நீரூற்றுப் பகுதியில் தங்கியபோது, குழந்தையோடும் கழுதைமேலேறி மலையுச்சி வரை சென்றுவந்தார். இலண்டனில் அவருக்கு மாடிப்படியே மலையாயிருந்தது.

மற்றோர் உலா இதனினும் சிறியது. 1860 ஜூன் மாதத்தில் ஒரு நாள், ராபர்ட் ஸான் லொரென்ஸோ சதுக்கத்தில் பழம்பொருள் விற்போரிடையே நடந்துசென்று, ஒரு கொலைவழக்கின் பழைய ஏடுகள் கட்டிய புத்தகமொன்றை ஒரு லிரா கொடுத்து வாங்கினார். நடந்துகொண்டே படித்து வீடு சேர்ந்தார். அவருடைய மிகப் பெரிய காவியமான 'மோதிரமும் நூலும்' அதிலிருந்தே பிறந்தது. சந்தைக்குப் போய்வருதலை எழுதத்தக்கதன்று என ஒதுக்குவோர் இதனை நினைவிற் கொள்க.

இவ்வினிய இல்லறத்தின் நிழலான பக்கத்தையும் நாம் மறைத்தல் தகாது. பணிப்பெண் வில்ஸன் ஓர் இத்தாலியரை மணந்து 1855-இல் இங்கிலாந்தில் மகனைப் பெற்றாள். அக்குழந்தையைத் தன் உடன்பிறந்தாளிடம் விட்டுவிட்டு, எசமானியின் குழந்தையைப் பேண அவள் மறுபடியும் இத்தாலிக்குச் சென்றாள். பிரௌனிங் இணையரின் பெருமையைப் பேசும் நூல்கள் பல இதனை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன. நம்மால் அங்ஙனம் கடக்க இயலவில்லை.

எழுதுவோர் கடமை இங்ஙனமாக, படிப்போர் கடமையும் ஒன்றுண்டு. அம்மையார் தந்தையாருக்கு இடைவிடாது எழுதினார். வெயிலையும் வீட்டையும் பேரனையும் பற்றி அவர் எத்துணை எழுதினாரோ! 1851-இல் குழந்தையுடன் இலண்டனுக்கு வந்து, தம்மைக் காண வேண்டி மீண்டும் எழுதியபோது, ஐந்தாண்டு மடல்களும் ஒரு கட்டாகத் திரும்பி வந்தன. ஒன்றேனும் பிரிக்கப்படவில்லை. அவற்றுட் சில கருநிற முத்திரை இடப்பட்டவை. கருமுத்திரை சாவைக் குறிக்கும். இறந்தவர் தம் மருமகனோ பேரனோ என்றும் அறிய விரும்பாது அவற்றை வைத்திருந்தார் அப்பெரியவர். 1857-இல் இறக்குமளவும் அவர் மனம் மாறவில்லை. தம் விருப்பின்றி மணந்துகொண்டாரென்று கடல் கடந்த மக்களோடு பேச்சை ஒழித்திருக்கும் பெற்றோர் நம்மிடையும் உளர். இம்மலர் அவர்கள் இல்லத்திற்கும் செல்லுமென்றே இதனைச் சற்று விரித்து எழுதினோம்.

1861 ஜூன் 29-ஆம் நாள் எலிஸபெத் அம்மையார் காஸா குயிதியிலேயே உயிர் நீத்தார். ராபர்ட் அந்நகரை விட்டு நீங்கினார். அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்திருந்தும் அங்கு ஒருபோதும் திரும்பவில்லை. நீங்குமுன் ஓவியர் ஒருவரை அழைத்து ஒரு படம் தீட்டச் செய்தார். பேராலயத்தின் பெருங்கும்மட்டத்தையோ ஆற்றுப் பாலத்தையோ அவர் தீட்டச் சொல்லவில்லை. தாங்கள் அமர்ந்து பேசிய அறையை, நாற்காலியும் மேசையும் புத்தகங்களும் மனைவியார் விட்டுச்சென்றபடியே இருக்க, தீட்டச் சொன்னார். அவ்வறைகளை இன்றும் சென்று காணலாம். அந்த ஓவியத்தைப் பார்த்தே அவற்றிற் பொருள்களை அமைத்திருக்கின்றனர்.