தப்புக்கும் ஒரு துறை வேண்டும்

கொழும்பிலுள்ள கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம் ஒரே நாளில் முளைத்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொழில்நுட்பக் கல்லூரியின் ஒரு பகுதியாகத் தொடங்கி, அரசாங்க நுண்கலைக் கல்லூரியாகி, களனிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அழகியல் கற்கை நிறுவகமாக இருந்து, 2005இல்தான் தனிப் பல்கலைக்கழகமானது. கண்டிய நடனம் அந்த வளாகத்தில் அடைந்த இடத்தை மலையகத் தமிழர் கவனிக்க வேண்டும். கொஹொம்பா கங்காரியச் சடங்கில், சாதிப்படிநிலையில் கீழே வைக்கப்பட்ட பெரவா சமூகத்தார் பரம்பரையாக ஆடியும் அடித்தும் வந்த கலை அது. இன்று அதற்குப் பாடத்திட்டம் உண்டு, பட்டம் உண்டு, விரிவுரையாளர் உண்டு.

அதே 2005இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. தேசிய வளங்களுக்குப் பெறுமதி சேர்ப்பதே அதன் நோக்கம். தேயிலைக்கு அங்கே பட்டப்படிப்பு இருக்கிறது. தேயிலை பறித்தவர்களின் கூத்துக்கு இல்லை. பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலவிலும் வாழும் சமூகம் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த காமன் கூத்து, மாசி மாத வளர்பிறையில் கம்பம் நட்டுத் தொடங்குகிறது. ரதியும் மதனும் தோட்டக் குடியிருப்பு வரிசைகளான லயங்கள்தோறும் ஆடிவர, நாட்கள் கழித்து ஓரிரவு காமன் எரிக்கப்படுகிறான். இவ்வளவுக்கும் உயிர் தப்பு என்னும் தோற்பறைதான். பனியில் தோல் தளர்ந்துவிடும் என்பதால், சருகு கொளுத்தி அந்தச் சூட்டில் தப்பைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, ஓசை கணீரென்று வந்த பிறகே அடிக்கத் தொடங்குவார்கள். எந்தக் கட்டத்துக்கு எந்த அடி என்பது கூத்து வாத்தியாருக்குத் தெரியும். அவரோடு அது போய்விடும் நிலையில்தான் இருக்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் இராமநாதன் ஆற்றுகை, கட்புலக் கலைகள் பீடமும் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகமும் இருக்கும்போது மலையகக் கூத்துக்கென்று இன்னொன்று எதற்கு என்று கேட்பார்கள். அவை நம் பெருமைகள்தாம். ஆனால் கர்நாடக சங்கீதமும் பரதமும் கற்ற பிள்ளை ஆசிரியராகித் தோட்டப் பாடசாலைக்குத் திரும்பும்போது, பக்கத்து லயத்துத் தப்பு அவருடைய பாடத்துக்கு வெளியேதான் நிற்கிறது. கிழக்கின் கூத்துக்கும் ஒரு காலத்தில் இதே நிலைதான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் அதைக் கையிலெடுத்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என மேடையேற்றிய பிறகே படித்தவர்களின் பார்வை மாறியது.

சடங்கைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோனால் அது காட்சிப்பொருளாகிவிடும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. கண்டிய நடனமும் அந்த விலையை ஓரளவு கொடுத்திருக்கிறது. இருந்தாலும் கற்பிக்காமல் விட்டதால் எந்தக் கூத்தும் தூய்மையாக நிலைத்ததில்லை. ஆடுவார் இன்றி நின்றுபோனதுதான் உண்டு. அதைவிடக் கனமான எதிர்ப்பு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சாவு வீட்டில் தப்பு அடிக்க வைத்து ஒரு சாதியின் மீது சுமத்திய இழிவை இளைஞர்கள் உதறுவது சரியே. அந்த இழிவு கட்டாயத்திலிருந்து வந்தது, கருவியிலிருந்து அல்ல. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் விரும்பிக் கற்று மதிப்பெண் பெறும் பாடமாகத் தப்பு மாறும்போது அந்த இழிவின் கட்டு தளரும்.

முதலில் பெரிய கட்டடம் தேவையில்லை. ஊவா வெல்லஸ்ஸவில் மலையக ஆற்றுகைக் கலைகளுக்கு ஓர் அலகு, ஒலி-ஒளிப்பதிவுக் கூடம், தோட்டங்களில் களப்பணிக்கு நிதி ஆகியவை போதும். ஒரு விதியை மட்டும் தளர்த்த வேண்டும்: பட்டச் சான்றிதழ் இல்லாத கூத்து வாத்தியாரை வருகைதரு ஆசானாக, உரிய சம்பளத்தோடு அமர்த்த வழிசெய்ய வேண்டும். வாத்தியார்கள் பலரும் முதுமையடைந்துவிட்டதால் இந்த நியமனங்களே முதலில் நடக்க வேண்டும்.